கால் பங்கு படம் எங்கே போனது? 'தி வேர்ல்டு அட் வார்' மீட்டெடுப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

பிரிட்டனின் தேம்ஸ் டெலிவிஷன் தயாரித்த 'தி வேர்ல்டு அட் வார்' தொடர், ஐடிவி அலைவரிசையில் 1973 அக்டோபர் 31 அன்று தொடங்கி 1974 மே 8 வரை புதன்கிழமைதோறும் ஒளிபரப்பானது. இரண்டாம் உலகப் போரைப் பற்றி 26 பகுதிகள். கடைசிப் பகுதி வந்த மே 8, ஐரோப்பாவில் போர் முடிந்த நாளின் நினைவு தினம். 2010-இல் அதே தொடரைச் சுத்தம் செய்து, ஒலியைப் புதிதாகக் கலந்து, ப்ளூ-ரே வட்டாக வெளியிட்டார்கள். கீறல்கள் மறைந்தன, தூசி போனது, படத்தின் ஆட்டம் அடங்கியது, கறுப்பு வெள்ளையில் சாம்பல் நிறத்தின் படிகள் திரும்பி வந்தன. கூடவே, ஒவ்வொரு ஃபிரேமிலும் கால் பங்கு படமும் போய்விட்டது.

இந்த ஆய்வு அந்தக் கால் பங்கைப் பற்றியது. அகலத்திரைக்காகப் பழைய படத்தின் மேலும் கீழும் வெட்டுவது புதிய பழக்கம் இல்லை. ஆனால் இந்தத் தொடரில் அது நடந்ததை மற்ற வெட்டுகளோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. காரணம், இந்தத் தொடர் உருவான விதம்.

படத்தைச் சாட்சியாக நடத்திய தொடர்

தயாரிப்பாளர் ஜெரமி ஐசக்ஸ். பின்னாளில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியின் முதல் தலைமை நிர்வாகியாக இருந்தவர். அவருக்கு வரலாற்று ஆலோசகராக இருந்தவர் லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் அன்றைய இயக்குநர் நோபிள் ஃபிராங்க்லேண்ட். போரின் முக்கியமான 15 படை நடவடிக்கைகளைச் சொல்லுங்கள் என்று ஐசக்ஸ் கேட்டார். ஃபிராங்க்லேண்ட் பட்டியல் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி என்று 15 ஆயின. மீதி 11 பகுதிகளைப் போர்க்களத்துக்கு வெளியே ஒதுக்கினார்கள்: ஹிட்லரின் எழுச்சி, பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் சாதாரண மக்களின் வாழ்க்கை, ஆக்கிரமிப்பின் கீழ் ஹாலந்து, யூதப் படுகொலை, கடைசியில் நினைவு. செலவு சுமார் 9 லட்சம் பவுண்டு. அந்தக் காலத்தில் ஓர் ஆவணத் தொடருக்கு யாரும் நினைத்துப் பார்க்காத தொகை.

வர்ணனைக் குரல் லாரன்ஸ் ஒலிவியர். இசை கார்ல் டேவிஸ். தீயின் நடுவே முகங்கள் தோன்றி எரிந்துபோகும் தொடக்கக் காட்சியையும் அந்த இசையையும் பார்த்தவர்கள் மறப்பதில்லை. ஆனால் தொடரின் உயிர் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, பேட்டிகள். பெரிய தளபதிகளை விட, அவர்களுக்குப் பக்கத்தில் நின்ற உதவியாளர்களையும் செயலாளர்களையும் தேடிப் போனார்கள். ஹிட்லரின் செயலாளராக இருந்து அவரது இறுதி உயிலைத் தட்டச்சு செய்த டிரவுடல் யுங்கே பேசினார். ஜெர்மன் நீர்மூழ்கிப் படையின் தலைவர் டோனிட்ஸ், ஹிட்லரின் ஆயுத அமைச்சர் ஆல்பர்ட் ஸ்பியர், ஜெர்மன் நகரங்கள் மீது குண்டு வீசிய பிரிட்டிஷ் விமானப் படையின் ஆர்தர் ஹாரிஸ், எல்லோரும் வந்தார்கள். மிகக் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்தது, நாஜிகளின் எஸ்.எஸ். படைக்குத் தலைவரான ஹிம்லரின் துணை அதிகாரி கார்ல் வோல்ஃப். ஆய்வாளர் சூ மெக்கோனகி அவரைத் தேடிப் பிடித்துப் பேச வைத்தார். 1941 ஆகஸ்டில் மின்ஸ்க் அருகே ஹிம்லரோடு நின்று மக்களைச் சுட்டுக் கொல்வதைப் பார்த்ததை, கேமராவுக்கு முன்னால் அந்த மனிதர் தன் வாயாலேயே சொல்கிறார். அந்தப் பேட்டியின் ஒவ்வொரு நொடியும் ஒரு வாக்குமூலம்.

இரண்டாவது, பழைய படங்களைப் பயன்படுத்திய ஒழுக்கம். போர்க்காலப் படங்களை வைத்துத் தொடர் செய்பவர்களுக்கு ஒரு பழைய சபலம் உண்டு. பீரங்கி வேண்டும் என்றால் ஏதாவது ஒரு பீரங்கி, விமானம் வேண்டும் என்றால் ஏதாவது ஒரு விமானம். எந்த ஊர், எந்த ஆண்டு, யாருடையது என்று யார் கேட்கப் போகிறார்கள்? இந்தத் தொடரில் அதைக் கேட்பதே வேலையாக ஒருவர் இருந்தார். இணைத் தயாரிப்பாளர் ஜெரோம் கூல். திரையில் காட்டுவது, வர்ணனை சொல்லும் இடத்தையும் காலத்தையும் சேர்ந்ததாகவே இருக்க வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பட ஆய்வாளர் ரே ஃபார் போன்றவர்கள் காப்பகம் காப்பகமாக ஏறி இறங்கினார்கள். ஃபார் பின்னாளில் அமெரிக்காவின் ஹோலோகாஸ்ட் (யூதப் படுகொலை) நினைவு அருங்காட்சியகத்தில் படப் பிரிவை நடத்தினார்.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1940 ஜூனில் பிரான்ஸ் சரணடைந்தபோது ஹிட்லர் மகிழ்ச்சியில் துள்ளி ஆடுவதாக ஒரு காட்சி உலகம் முழுக்கப் பரவியது. உண்மையில் அவர் ஒரு முறை காலைத் தூக்கி வைத்தார், அவ்வளவுதான். அந்தச் சில ஃபிரேம்களைத் திரும்பத் திரும்ப அச்சடித்து நடனம் ஆக்கியது நேச நாடுகளின் பிரசாரம். அதேபோல், 1942 நவம்பரில் ஸ்டாலின்கிராடுக்கு மேற்கே சோவியத்தின் இரண்டு படைப்பிரிவுகள் வந்து சேர்ந்து ஜெர்மன் படையைச் சூழ்ந்துகொண்டபோது அந்தக் கணத்தைப் படம்பிடிக்க ஆள் இல்லை. வீரர்கள் பனியில் ஓடிவந்து கட்டிப்பிடிக்கும் புகழ்பெற்ற காட்சி, சில நாட்களுக்குப் பிறகு கேமராவுக்காக மறுபடி நடத்தியது. போர்ப் படத்தில் ஒரு ஃபிரேமைக் கூட்டினாலும் குறைத்தாலும் வரலாறு மாறும் என்பதை அறிந்தவர்கள் செய்த தொடர் இது. அந்தத் தொடரைத்தான் 2010-இல் வெட்டினார்கள்.

படச்சுருளில் என்ன இருந்தது

மீட்டெடுப்பவர்களின் வேலை எவ்வளவு கடினம் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு பகுதி சுமார் 52 நிமிடம். 26 பகுதிக்கு 22 மணி நேரத்துக்கும் மேல். பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் கணக்கில் நொடிக்கு 25 ஃபிரேம் என்றால், மொத்தம் 20 லட்சம் ஃபிரேம்களுக்கு மேல் வருகிறது.

அந்த 20 லட்சமும் ஒரே மாதிரி இல்லை. பேட்டிகள் 1970-களின் தொடக்கத்தில் வண்ணத்தில் எடுத்தவை. அவற்றில் பெரிய பழுது இருக்காது. போர்ப் படங்கள்தான் சிக்கல். போர்முனை ஒளிப்பதிவாளர்கள் தூக்கிச் சென்ற ஐமோ போன்ற கேமராக்கள் சாவி கொடுத்து ஓடுபவை. 100 அடி 35 மி.மீ. சுருள் போட்டால் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடும். அப்புறம் குண்டு விழுகிற இடத்திலேயே உட்கார்ந்து சுருளை மாற்ற வேண்டும். தூசி, ஈரம், அவசரம் எல்லாம் நெகட்டிவிலேயே பதிந்துவிடும். பிறகு அது தலைநகருக்குப் போய், தணிக்கையைத் தாண்டி, செய்திப்படமாக வெட்டி ஒட்டப்பட்டு, பிரதிக்குப் பிரதி எடுக்கப்பட்டுக் காப்பகத்துக்கு வரும். அந்தக் காலத்து 35 மி.மீ. சுருள்களில் பெரும்பாலானவை நைட்ரேட். சட்டென்று தீப்பிடிக்கும், காலப்போக்கில் பிசுபிசுத்துப் பொடியாகும்.

தொடரைத் தொகுத்தபோது, காப்பகத்தின் மூலத்தை வெட்டி ஒட்ட முடியாது. அதிலிருந்து பிரதி எடுத்துத்தான் சேர்ப்பார்கள். அப்போது மூலத்தில் இருந்த கீறல் பிரதியில் படமாகவே அச்சாகிவிடும். பிறகு எவ்வளவு கழுவினாலும் அது போகாது, ஏனென்றால் அந்தச் சுருளின் மேல் கீறலே இல்லை. கீறலின் புகைப்படம்தான் இருக்கிறது. கணினி வழியாகத்தான் அதை அகற்ற முடியும். முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களைப் பார்த்து, இந்தப் புள்ளி ஒரே ஒரு ஃபிரேமில் மட்டும் வருகிறது, ஆகவே இது தூசி என்று மென்பொருள் முடிவு செய்கிறது. போர்ப் படத்தில் இது ஆபத்தான முடிவு. ஒரே ஃபிரேமில் மட்டும் தெரிவது தூசியாக இருக்கலாம், துப்பாக்கியின் தீப்பொறியாகவும் இருக்கலாம், தூரத்தில் வெடித்துச் சிதறும் மண்ணாகவும் இருக்கலாம். கண்ணுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இந்த வேலை 2010-இல் நன்றாகவே நடந்திருக்கிறது. 1973-இல் வீட்டுத் தொலைக்காட்சியில் தெரிந்தது 576 வரிகள். அதற்குப் பிறகு வந்த விஎச்எஸ் கேசட்டில் அதைவிடக் குறைவு. படச்சுருளுக்குள் அதைவிடப் பல மடங்கு விவரம் தூங்கிக்கொண்டிருந்தது. முதல் ஒளிபரப்பைப் பார்த்தவர்களுக்கே தெரியாத முகச் சுருக்கங்களும் சீருடைத் தையலும் 2010 வட்டில் தெரிகின்றன. கறுப்பு வெள்ளையைக் கறுப்பு வெள்ளையாகவே விட்டார்கள், வண்ணம் பூசவில்லை. அந்தக் காலகட்டத்தில் போர்ப் படங்களுக்கு வண்ணம் பூசுவது பெரிய சந்தையாக இருந்தது. அந்தப் பக்கம் போகாமல் இருந்ததற்காக அவர்களை மனதாரப் பாராட்ட வேண்டும்.

வெட்டு

சரி, வெட்டுக்கு வருவோம்.

பழைய தொலைக்காட்சித் திரையின் விகிதம் 4:3. போர்க்காலத்து 35 மி.மீ. படமும் கிட்டத்தட்ட அதே விகிதம்தான். இன்றைய திரை 16:9. 4:3 படத்தை அகலத்திரையில் முழுதாகக் காட்டினால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். பட்டை வேண்டாம் என்றால், அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு உயரத்தைக் குறைக்க வேண்டும். கணக்குப் போட்டால் உயரத்தில் சரியாக 25 சதவீதம் போகும். 2010 பதிப்பு இந்த வழியைத்தான் எடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு நடுவில் வெட்டவில்லை என்பது உண்மை. ஒவ்வொரு ஷாட்டிலும் மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று பார்த்துச் சட்டகத்தை நகர்த்தியிருக்கிறார்கள்.

ஆனால் அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. ஷாட்டுக்கு ஷாட் பார்த்து வெட்டுவது என்றால், ஷாட்டுக்கு ஷாட் ஒருவர் முடிவு எடுக்கிறார் என்று பொருள். இந்த அகதிக் கூட்டத்தில் வானம் முக்கியமா, கால்கள் முக்கியமா? இந்தத் தெருவில் கட்டடத்தின் உடைந்த உச்சி வேண்டுமா, கீழே கிடக்கும் ஆள் வேண்டுமா? 1943-இல் படம் எடுத்தவர் இரண்டும் வேண்டும் என்று நினைத்துத்தான் கேமராவை அங்கே வைத்தார். 1973-இல் தொகுத்தவர்கள் அதைத் தொடாமல் எடுத்துக்கொண்டார்கள். 2010-இல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி ஆனது. பழைய குடும்பப் புகைப்படத்தைப் புதுச் சட்டத்துக்குள் அடக்குவதற்காக, கீழே தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வரிசையை வெட்டுவது போலத்தான் இது.

போர்ப் படத்தில் ஓரம் என்பது அலங்காரம் கிடையாது. ஒரு காட்சி எங்கே, எப்போது எடுத்தது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஓரங்களில் இருந்துதான்: கடைப் பலகை, திசை காட்டும் கல், வண்டியின் எண், சக்கரத்துக்கு மேல் எழுதிய படைப்பிரிவின் குறி, கூரையின் வடிவம், நிழலின் நீளம். 1941-இல் லாத்வியாவின் லியெபாயா நகரில் யூதர்களைச் சுட்டுக் கொன்றதை ஒரு ஜெர்மன் கடற்படை வீரர் தன் சொந்த 8 மி.மீ. கேமராவில் எடுத்தார். ஓடுவது ஓரிரு நிமிடம்தான். அதில் குழியும் இருக்கிறது. சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சுற்றி நிற்பவர்கள்தான், இதெல்லாம் ரகசியமாக நடந்தது, எங்களுக்குத் தெரியாது என்ற வாதத்தை உடைப்பவர்கள். இப்படிப்பட்ட படத்தில் எந்த விளிம்பைத் தேவையில்லாதது என்று சொல்வது?

பேட்டிகளிலும் இழப்பு உண்டு. 4:3 திரையை மனதில் வைத்து முகத்தை நெருக்கமாக எடுத்திருக்கிறார்கள். உயரத்தைக் குறைத்தால் நெற்றியோ தாடையோ போகும், அல்லது மடியில் பிசைந்துகொண்டிருக்கும் கைகள் போகும். பொய் சொல்ல வாய்ப்புள்ள ஒரு சாட்சியின் கைகளைப் பார்க்கும் உரிமை எனக்கு வேண்டும்.

தொடரின் முதல் காட்சி ஹெலிகாப்டரிலிருந்து எடுத்தது. பிரான்சில் ஒராதூர்-சுர்-க்ளான் என்ற ஊர். 1944 ஜூன் 10 அன்று எஸ்.எஸ். படை அங்கே 640-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்று ஊரை எரித்தது. பிரான்ஸ் அந்த இடிபாடுகளை அப்படியே விட்டு வைத்திருக்கிறது. கேமரா மெதுவாக மேலிருந்து போகிறது. கூரை இல்லாத வீடுகள், நடுவில் தெரு. அந்தக் காட்சியின் வலி முழுக்க ஊரின் பரப்பில் இருக்கிறது, எத்தனை வீடுகள் என்பதில் இருக்கிறது. உயரத்தைக் குறைத்தால் ஊரும் அந்த அளவுக்குக் குறைகிறது.

வெட்டியவர்களின் பக்கம்

அவர்கள் பக்கத்திலும் காரணங்கள் இருந்தன. 2010 என்பது வீடுகளில் பழைய பெட்டித் தொலைக்காட்சி போய்த் தட்டைத் திரை வந்துகொண்டிருந்த நேரம். புதுத் திரை வாங்கியவர்கள் கறுப்புப் பட்டையைக் கண்டால் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். பிளாஸ்மா திரையில் ஒரே இடத்தில் நீண்ட நேரம் பட்டை நின்றால் அதன் தடம் பதிந்துவிடும் என்ற பயம் வேறு, அது நியாயமான பயம்தான். தொடரின் உரிமை அப்போது ஃபிரெமாண்டில்மீடியா கையில் இருந்தது. வட்டு விற்பனையோடு பல நாட்டு அலைவரிசைகளுக்கும் விற்க வேண்டும், உயர்தெளிவு அலைவரிசைகளுக்கு அகலப்படம்தான் பிடிக்கும்.

இன்னொரு வாதமும் இருக்கிறது. ப்ளூ-ரேயின் முழு அளவு 1920×1080 புள்ளிகள். 4:3 படத்தை வைத்தால் 1440×1080 மட்டும் பயன்படும், மீதி கறுப்பு. அகலப்படமாக்கினால் எல்லாப் புள்ளியும் படத்துக்கே. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கூடுதல் புள்ளிகள் கிடைப்பது முக்கால் பங்கு படத்துக்கு. மிச்சக் கால் பங்குக்குக் கிடைப்பது ஒன்றும் இல்லை.

இந்த வசதிகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தாலும், இரண்டு வடிவத்தையும் வட்டில் கொடுத்திருக்கலாம், அல்லது ஒளிபரப்புக்கு ஒன்று, வீட்டு வட்டுக்கு ஒன்று என்று பிரித்திருக்கலாம் என்றே தோன்றுகிறது. பணம் கொடுத்து 26 பகுதிகளையும் வாங்கி அலமாரியில் வைப்பவர், பட்டையைக் கண்டு பயப்படுபவராக இருக்க மாட்டார்.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம்

ஒலியையும் 5.1 சுற்றொலியாக மாற்றினார்கள். இதைப் பற்றி எனக்கு அவ்வளவு கோபம் இல்லை, காரணத்தைச் சொல்கிறேன். போர்முனைக் கேமராக்களில் ஒலிப்பதிவு கிடையாது. நாம் கேட்கும் பீரங்கிச் சத்தமும் பூட்ஸ் சத்தமும் பிறகு சேர்த்தவை. 1973-இல் சேர்த்த சத்தத்தை 2010-இல் ஐந்து ஒலிபெருக்கிக்குப் பிரித்தார்கள். மூலத்தில் இருந்ததை எதுவும் அழிக்கவில்லை. ஒலிவியரின் குரல் நடுவில் தெளிவாக நிற்கிறது, டேவிஸின் இசைக்கு மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. இருந்தாலும், விமானம் தலைக்குப் பின்னாலிருந்து வருவது போலக் கேட்கும்போது, அந்தச் சத்தம் அங்கே பதிவானது என்று இளம் பார்வையாளர் நம்பிவிடுவார். தொடரின் தனி அழகே அதன் மௌனங்கள். வர்ணனை பேசாமல் விட்ட இடங்களில் படம் பேசும். வட்டில் பழைய ஒலித்தடம் இருந்தால் அதையே போட்டுக் கேளுங்கள்.

திரும்பி வந்த 4:3

2016-இல் பிரிட்டனின் நெட்வொர்க் நிறுவனம் இதே தொடரை 4:3 வடிவத்தில் ப்ளூ-ரேயாக வெளியிட்டது. பழைய தொலைக்காட்சிப் படைப்புகளை, அவை ஒளிபரப்பான வடிவத்திலேயே கொடுப்பதில் அக்கறை உள்ள நிறுவனமாக அது இருந்தது. இரண்டு பதிப்பையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்ப்பவருக்கு இந்த ஆய்வே தேவைப்படாது. முதல் பகுதியில் அணிவகுப்புக் காட்சிகள் வரும்போதே தெரிந்துவிடும். கொடிகளின் உயரம்தான் அந்தக் கூட்டங்களின் மிரட்டல். அகலப்படத்தில் அந்த உயரம் இல்லை.

வருத்தமான செய்தி, அந்த நிறுவனம் 2023-இல் மூடப்பட்டது. கடையில் புதிதாக அச்சிட்டு வரும் என்று காத்திருக்க முடியாது, பழைய வட்டுச் சந்தையில்தான் தேட வேண்டும். முழுப் படம் உள்ள பதிப்பு அரிதாகவும், வெட்டிய பதிப்பு எளிதாகவும் கிடைக்கும் நிலைமை இப்படித்தான் உருவாகிறது. இன்னும் சில ஆண்டுகள் போனால், வெட்டியதுதான் தொடர் என்று ஆகிவிடும். என்னுடைய கவலையெல்லாம் இதைப் பற்றித்தான். தொடரில் பேசியவர்களில் மவுண்ட்பேட்டன் 1979-இலும், டோனிட்ஸ் 1980-இலும், ஸ்பியர் 1981-இலும், ஹாரிஸும் வோல்ஃபும் 1984-இலும், யுங்கே 2002-இலும் இறந்தார்கள். மறுபடி போய்ப் பேட்டி எடுக்க யாரும் இல்லை. எடுத்து வைத்ததில் ஒரு அங்குலம்கூட விடக் கூடாது.

துடைக்க முடியாதவை, துடைக்கக் கூடாதவை

மீட்டெடுப்பு படத்தைத்தான் புதிதாக்குகிறது. வரலாற்று அறிவு 1973-இலேயே நிற்கிறது. பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். படம் பளிச்சென்று இருந்தால் தகவலும் புதியது என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

அட்லாண்டிக் கடலில் நீர்மூழ்கிகளோடு நடந்த சண்டையைச் சொல்லும் 10-ஆவது பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். டோனிட்ஸும் நீர்மூழ்கித் தளபதி ஓட்டோ க்ரெட்ஷ்மரும் பேசுகிறார்கள். மிகச் சிறப்பான பகுதி. ஆனால் ஜெர்மன் படைகளின் எனிக்மா என்ற ரகசியக் குறியீட்டை, பிரிட்டனின் ரகசிய மையமான பிளெட்ச்லி பார்க்கில் உடைத்துக்கொண்டிருந்தார்கள் என்ற செய்தி அதில் இல்லை. அப்போது அது ரகசியம். 1974-இல் தொடர் முடிந்த பிறகுதான் பிரிட்டனில் அது பொதுவெளிக்கு வந்தது. தன் கப்பல்கள் எப்படி மாட்டின என்று டோனிட்ஸ் விளக்கும்போது, முக்கியமான காரணம் அவருக்கே தெரியாமல் பேசுகிறார். இன்று அதை அறிந்து பார்க்கும்போது அந்தப் பேட்டிக்கு இன்னொரு அடுக்கு கிடைக்கிறது.

ஸ்பியர் விஷயம் வேறு மாதிரி. நாகரிகமாக, வருந்தும் குரலில், நிதானமாகப் பேசுகிறார். யூதப் படுகொலை பற்றித் தனக்கு நேரடியாகத் தெரியாது என்பதுதான் அவர் வெளியில் கடைசிவரை சொன்னது. ஆனால் 1971 டிசம்பரில் அவர் எழுதிய ஒரு தனிப்பட்ட கடிதம் 2007-இல் வெளியானது. 1943 அக்டோபர் 6 அன்று போசன் நகரில், யூதர்கள் எல்லோரும் கொல்லப்படுவார்கள் என்று ஹிம்லர் பேசிய கூட்டத்தில் தான் இருந்ததாக அதில் ஒப்புக்கொள்கிறார். இந்தத் தொடர் ஒளிபரப்பாவதற்கு முன்பே எழுதிய கடிதம் அது. உயர்தெளிவில் அவர் முகத்தைப் பார்க்கும்போது நினைவில் வைக்க வேண்டியது இது.

எண்களும் மாறியிருக்கின்றன. சோவியத் இழப்பு 2 கோடி என்பதுதான் அன்று உலகம் அறிந்த கணக்கு. 1990-இல் சோவியத் தரப்பே அதைச் சுமார் 2.66 கோடியாகத் திருத்தியது. இதையெல்லாம் மீட்டெடுப்பவர்கள் மாற்றாமல் விட்டது மிகச் சரி. வர்ணனையில் கை வைத்திருந்தால் அது வேறு தொடர் ஆகியிருக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு மிக நெருக்கமானது 14-ஆவது பகுதி, 1942 முதல் 1944 வரையிலான பர்மா. மவுண்ட்பேட்டனும், பர்மாவுக்கே போய் வீரர்களுக்குப் பாடிய வேரா லின்னும் இதில் பேசுகிறார்கள். பேசுபவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் தரப்பினர். அந்த ஆண்டுகளில் பர்மாவை விட்டுக் கால்நடையாகக் கிளம்பிய லட்சக்கணக்கான இந்தியர்களில் தமிழர்கள் ஏராளம்; சயாம்-பர்மா ரயில் பாதையில் மலேயாத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அவர்களின் பேட்டியை எடுக்க 1973-இல் ஒரு வாய்ப்பு இருந்தது. அதைத் தேடிப் போகவில்லை என்பது என் மனக்குறை. ஆனால் அந்தப் பகுதியிலும் வீரர்களுக்குப் பின்னால், சட்டகத்தின் ஓரங்களில், சுமை தூக்குபவர்களும் வண்டி இழுப்பவர்களும் வந்துபோகிறார்கள். பெயர் இல்லாத அவர்களுக்கு இருக்கும் ஒரே பதிவு அந்த ஓரம்தான். ஆகவே இந்தப் பகுதியை அவசியம் 4:3-இல் பாருங்கள்.

வீட்டில் பார்க்கிறவர்களுக்கு

வாங்கும்போது அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். 16:9 என்று இருந்தால் வெட்டியது. 4:3 அல்லது 1.33:1 என்று இருந்தால் முழுப் படம். 'ரீமாஸ்டர்டு' என்ற சொல் எதற்கும் உத்தரவாதம் இல்லை. வெட்டிய பதிப்பைத் தவிர வேறு கிடைக்கவில்லை என்றால், பழைய 4:3 டிவிடி கிடைக்கிறதா என்று தேடுங்கள். தெளிவு குறைவுதான், ஆனால் ஃபிரேம் முழுசாக இருக்கும்.

ப்ளூ-ரே வட்டுகள் எந்த நாடுகளின் கருவியில் ஓடும் என்பதை ரீஜன் என்று பிரித்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் ப்ளூ-ரே வட்டுகளில் சில, ரீஜன் பி கருவியில் மட்டுமே ஓடும். இந்தியாவும் இலங்கையும் ரீஜன் சி. எல்லா ரீஜனும் ஓடும் கருவி இல்லையென்றால் வாங்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிறகு தொலைக்காட்சி. நல்ல வட்டு வாங்கியும் பலர் வீட்டில் படத்தைக் கெடுப்பது தொலைக்காட்சியின் அமைப்புகள்தான். 4:3 படத்தை இழுத்து அகலமாக்கும் அமைப்பு பெரும்பாலும் தானாகவே ஆன் ஆகி இருக்கும். அதை 'ஒரிஜினல்' அல்லது '4:3' என்று மாற்ற வேண்டும். ஓரத்தை வெட்டிக் காட்டும் ஓவர்ஸ்கேன் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், இல்லையென்றால் வட்டில் இருக்கும் முழுப் படத்தையும் உங்கள் தொலைக்காட்சியே வெட்டிவிடும். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை முழுதாக அணைத்துவிடுங்கள். அது ஃபிரேம்களுக்கு நடுவே இல்லாத ஃபிரேம்களைத் தானே உருவாக்கிச் செருகுகிறது. கூல் என்ற அந்த மனிதர் எதிர்த்துப் போராடியது இதுபோன்ற பொய்ப் படத்தைத்தான். இரைச்சல் குறைப்பையும் அணையுங்கள். படத்தில் மணல் போலத் தெரியும் கிரெயின் அழுக்கு அல்ல, படச்சுருளின் இயல்பு. அதைத் தேய்த்தால் முகங்கள் மெழுகு பூசியதாக ஆகும்.

பகுதிகளை வரிசைப்படி பார்ப்பதே நல்லது. நேரம் இல்லை என்றால் முதல் பகுதி, 9-ஆவதான ஸ்டாலின்கிராட், 20-ஆவதான படுகொலை, கடைசியான 26. இந்த நான்கில் 20-ஆவது பகுதியை மைக்கேல் டார்லோ இயக்கினார். வோல்ஃப் பேசுவது அதில்தான். அதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கத் திட்டமிட்டால், முதலில் நீங்கள் தனியாக ஒரு முறை பார்த்துவிடுங்கள்.